மூன்றாம் வருடத்தில்தான் வாசம் வந்தது: என் கமிலப் பாத்தி

கமில என்பது ஆங்கிலத்தில் கமோமைல் எனப்படும், வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட சின்ன மூலிகைப் பூ. முப்பது வருடமாக எனக்குக் கமிலத் தேத்தண்ணி என்றால் வருத்தக்காரர் குடிக்கிற மஞ்சள் தண்ணி, அவ்வளவுதான். 1991 இல் ஜேர்மனிக்கு வந்து அகதிகள் விடுதியில் காய்ச்சலோடு கிடந்த முதல் வாரம், யாரோ ஒரு பெண்மணி அதை என் கையில் திணித்துவிட்டுப் போனார். வைக்கோல் ஊறிய தண்ணி போல இருந்தது. பிறகு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை கிடைத்தது. அங்கே ஒவ்வொரு மாலையும் பெரிய கேனில் அதே மஞ்சள் தண்ணியை ஊற்றி வைப்பது என் பொறுப்பு. விரும்பிக் குடித்த ஒருவரையும் கண்டதாக நினைவில்லை.

அந்த நினைப்பை மாற்றியது ஒரே ஒரு கோப்பை. 2021 இல் டோர்ட்முண்ட் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னத் தோட்டத் துண்டு குத்தகைக்குக் கிடைத்தது. தெரியாதவர்களுக்கு: ஜேர்மன் நகரங்களில் வேலியடைத்த சின்னச் சின்னத் தோட்டங்கள் வரிசையாக இருக்கும். ஷ்றேபர்கார்ட்டன் என்பார்கள். மோறிட்ஸ் ஷ்றேபர் என்ற லைப்சிக் வைத்தியரின் பெயர் அது. அவர் இறந்த பிறகுதான் 1860களில் லைப்சிக்கில் அவர் பெயரில் முதல் சங்கம் தொடங்கியது. உள்ளே கட்டும் குடிலுக்கு 24 சதுர மீற்றருக்கு மேல் அனுமதி கிடையாது, சட்டமே அப்படி. எங்களுக்குப் பக்கத்துத் துண்டு எண்பது வயது தாண்டிய ஓர் அம்மாவுடையது. என் பிள்ளைகள் அவவை ஓமா (ஜேர்மன் மொழியில் பாட்டி) என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் வயிறு பொருமி, குடிலின் படியில் குந்தியிருந்தேன். ஓமா வேலிக்கு மேலால் ஒரு கோப்பையை நீட்டினா. மேலே சின்னத் தட்டு மூடியிருந்தது. மூடியைத் திறந்ததும் அப்பிள் பழம் அரிந்த வாசம், அதோடு கொஞ்சம் தேன் வாசம். என்ன இது என்று கேட்டேன். "கமில" என்றா. நான் நம்பவில்லை. கிரேக்கர் இந்தச் செடிக்கு வைத்த பெயரே நில அப்பிள் என்ற பொருளில்தான் என்று பிறகு அறிந்தேன். ஸ்பானியரும் குட்டி அப்பிள் என்றுதான் சொல்கிறார்கள். முப்பது வருடத்தில் அந்த வாசத்தை நான் ஒரு தரமும் முகர்ந்ததில்லை என்றால், பிழை செடியில் இல்லை என்று விளங்கியது. சரி, நாமே வளர்த்துப் பார்ப்போம் என்று தொடங்கினேன்.

முதல் வருடம், 2022.

ஏப்ரலில் ஒரு பொட்டலம் விதை வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் தூசி. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேல் விதை இருக்கும், அவ்வளவு பொடி. கீரை விதைக்கிற பழக்கத்தில் மண்ணைக் கீறி, விதையைத் தூவி, மேலே ஒரு விரல் கனத்துக்கு மண் போட்டு மூடினேன். தண்ணியும் பூவாளியால் தாராளமாக ஊற்றினேன். மூன்று கிழமை பார்த்தேன். முளைத்தது எல்லாம் களை.

ஓமாவிடம் சொன்னபோது சிரித்தா. "அது வெளிச்சத்தில் முளைக்கிற விதை, நீங்கள் புதைத்துவிட்டீர்கள்" என்றா.

தோல்வியை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஜூனில் சைக்கிளில் போகும்போது ஒரு கோதுமை வயலோரம் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்தது. கண்ணுக்குக் கமிலதான். ஒரு துணிப்பை நிறையப் பறித்து வந்து, வீட்டில் கடதாசி விரித்துக் காயவிட்டேன். காய்ந்த பிறகு ஊற்றிக் குடித்தால் ஒரு ருசியும் இல்லை, வாசமும் இல்லை. விடுதியில் தந்த தண்ணியாவது தேவலை.

மிச்சப் பூவில் ஒன்றை ஓமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவ ஒன்றும் பேசாமல் தன் பாத்தியில் ஒரு பூவைக் கிள்ளி, இரண்டையும் நகத்தால் நடுவே பிளந்து என் உள்ளங்கையில் வைத்தா. அவவுடைய பூவின் மஞ்சள் குமிழ் உள்ளே கோறையாக இருந்தது, ஊதினால் காற்றுப் போகிற மாதிரி. என்னுடையது உள்ளே வெள்ளைச் சோறு அடைத்தது போல் நிரம்பியிருந்தது. நான் பறித்தது மணமில்லாக் கமில என்று சொல்லப்படும் வேறு செடி. கெடுதல் இல்லை, பிரயோசனமும் இல்லை. நாய்க்கமில என்று இன்னும் சில உண்டு. அவற்றிலும் குமிழ் நிரம்பித்தான் இருக்கும், ஒரு வகை நாறும், சிலருக்குத் தோலையும் கடிக்கும். வெளியே பறிக்கிறவர்கள் இதழையும் இலையையும் பார்த்து முடிவெடுக்காமல் பூவைப் பிளந்தே பார்க்க வேண்டும். இரண்டு விநாடி வேலை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோட்டக் கடைகளில் றோமக் கமில என்று விற்பது தரையோடு படரும், வருடக்கணக்கில் நிற்கும் செடி. நான் சொல்வது ஒரு பருவத்தோடு முடிகிற, முழங்கால் உயரம் வளர்கிற கமில. ஜேர்மன் மருந்துக்கடைப் பொட்டலங்களில் இருப்பது இதுதான். தமிழ்நாட்டு நாட்டுமருந்துக் கடைகளில் சீமைச் சாமந்திப்பூ என்பார்கள், யூனானி வைத்தியர் பாபுனா என்பார்கள்.

இரண்டாம் வருடம், 2023.

இந்தத் தடவை விதைப்பு சரியாக வந்தது. விதையை ஒரு கைப்பிடி காய்ந்த மணலோடு கலந்தேன், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொட்டுண்டு போகும். பாத்தியை மட்டமாக்கி, மேலே தூவி, மண் போடாமல் ஒரு பலகையை வைத்து அதன் மேல் ஏறி நின்றேன். விதை மண்ணோடு ஒட்ட வேண்டும், ஆனால் மூடக் கூடாது. தண்ணியைத் தெளிப்பானால் புகை போல அடித்தேன். பத்தாம் நாள் பச்சை தெரிந்தது. குளிருக்குப் பெரிதாகப் பயப்படாத செடி. மே நடுவில் வரும் உறைபனி நாட்களுக்காக எல்லோரும் தக்காளியை வீட்டுக்குள் வைத்துக் காத்திருக்க, இது வெளியே நின்று வளர்ந்தது. இலை சதகுப்பை இலை போலக் கீறிக் கீறி இருக்கும். நெருக்கமாக நின்றதை ஒரு சாண் இடைவெளி விட்டுப் பிடுங்கினேன். உரம் போடவில்லை. கொழுத்த மண்ணில் இலைதான் தள்ளும் என்று ஓமா சொல்லியிருந்தா.

ஜூன் கடைசியில் பூ. அந்த நேரம் பார்த்து அம்மா எங்களோடு வந்து தங்கியிருந்தா. எழுபத்தாறு வயது, யாழ்ப்பாணத்தில் இருந்த காலம் முழுக்கக் கோயிலுக்குப் பூ ஆய்ந்து கொடுத்த கை. பாத்தியைப் பார்த்ததும், "உது எங்கட செவ்வந்தியின்ர தங்கச்சி போல கிடக்கு" என்றா. ஆயிற வேலையை நான் செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டா. நானும் சந்தோஷமாக விட்டேன்.

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கே என் மகனை எழுப்பிச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டா. நான் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், பல்கனியில் சுளகு நிறையப் பூ, நல்ல வெயிலில், வடகம் காயப் போட்ட மாதிரி. பார்க்க வடிவுதான். மூன்றாம் நாள் மேல் அடுக்கு வெளுத்து, இதழெல்லாம் உதிர்ந்து கிடந்தது. கீழ் அடுக்கைக் கிளறினால் கபில நிறம், புளித்த வாசம், இரண்டு இடத்தில் சாம்பல் பூஞ்சணம்.

நடந்தது இதுதான். விடியக்காலம் பூவில் பனி இருந்தது. ஈரத்தோடு ஆய்ந்து, நாலு விரல் கனத்துக்குக் குவித்ததால் அடியில் அவிந்துவிட்டது. மேலே வெயில் நேராகப் பட்டு நிறத்தையும் எண்ணெயையும் எடுத்துவிட்டது. கமிலயை ஆய்வதற்கு நேரம் பனி முழுக்கக் காய்ந்த பிறகு, காலை பத்து பதினொன்று. உலர்த்துவது நிழலில். இரண்டுமே கோயில் பூவுக்கு நேரெதிர்.

அம்மா இலேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "கோயிலுக்குப் பூ ஆயிறது எண்டால் விடியக்காலமைதானே பிள்ளை. வெயில் ஏறின பிறகு ஆர் பூ ஆய்வினம்?" என்றா. நான், இது சாமிக்கு இல்லையம்மா, போத்தலுக்கு என்றேன். "அப்ப கறிவேப்பிலை மாதிரி நிழலிலை போட வேணும் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே" என்று என்னிடமே பிழையைத் திருப்பினா. அதில் நியாயம் இருந்தது. நான் ஒன்றும் சொல்லித்தான் கொடுக்கவில்லை.

அந்த வருடம் மிஞ்சிய நல்ல பூ ஒரு ஜாம் போத்தல் கால்வாசி. அதையும் வைத்து இன்னொரு மடைத்தனம் செய்தேன். பச்சைப் பூவைச் சூரியகாந்தி எண்ணெயில் போட்டு ஜன்னலில் வைத்தால் பூச்சு எண்ணெய் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு அப்படியே செய்தேன். பச்சைப் பூவிலிருந்த தண்ணி அடியில் தங்கி, இரண்டு கிழமையில் மேலே பூஞ்சணம் கட்டி, முழுவதையும் கொட்டினேன். எண்ணெயில் போடுவதென்றால் நொருங்கக் காய்ந்த பூ மட்டும்.

மூன்றாம் வருடம், 2024. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதுதான் சரி வந்தது.

விதை: போடேகோல்ட் என்ற பழைய வகை. கிழக்கு ஜேர்மனி இருந்த காலத்தில் உருவாக்கியது, பூ கொஞ்சம் பெரிது. பாத்தி இரண்டு சதுர மீற்றர். விதைப்பு ஏப்ரல் 6, முளைப்பு 17, முதல் பூ ஜூன் 19. இடையில் கறுப்புச் செடிப்பேன் ஒரு தரம் பிடித்தது. தண்ணியை விசிறி அடித்துக் கழுவிவிட்டேன், வேறு ஒன்றும் அடிக்கவில்லை. குடிக்கப் போகிற பூவில் மருந்து அடிக்கக் கை வரவில்லை.

களை பிடுங்குவதில் இந்த வருடம் மிகக் கண்டிப்பாக இருந்தேன், அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பாத்திகளில் கிரைஸ்கிறவுட் என்று ஒரு களை தானாக வரும். கிழவன் செடி என்று பொருள், காய்ந்ததும் நரைமுடி போலப் பஞ்சு வைக்கும். பூ சின்ன மஞ்சள் குச்சம், வெள்ளை இதழ் கிடையாது. அதில் ஈரலைக் கெடுக்கும் பிறொலிசிடின் அல்கலொயிட் என்ற நச்சு இருக்கிறது. 2013 இல் ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் மூலிகைத் தேநீர்களைச் சோதித்தபோது, கமிலத் தேநீர் உட்படப் பலவற்றில் இந்த நச்சு இருந்தது. கமிலயில் இயற்கையாக அது இல்லை. வயலில் சேர்ந்து அறுபட்ட களையிலிருந்து வந்தது. இரண்டு சதுர மீற்றரில் இந்தக் களையைக் கண்டுபிடிப்பது சுலபம், பெரிய வயலில் இயந்திரத்துக்கு அது தெரியாது. ஆய்வதற்கு முதல் நாள் பாத்தியை ஒரு சுற்றுப் பார்த்துவிடுவேன்.

ஆய்கிற பருவத்தை ஓமா விரலால் காட்டித் தந்தா. மொட்டு விரிந்த புதிதில் மஞ்சள் குமிழ் தட்டையாகவும் இதழ்கள் மேல்நோக்கியும் இருக்கும், அது பிஞ்சு. இதழ்கள் குடை போலக் கீழே தொங்கி, மஞ்சள் கூம்பாக எழும்பியது முற்றல். முற்றலை ஆய்ந்தால் காயும்போது தூளாகக் கொட்டும். இதழ் நேராக, தட்டுப் போல நிற்கிற மூன்று நாலு நாள்தான் கணக்கு. எல்லாப் பூவும் ஒரே நாளில் அந்தப் பருவத்துக்கு வராது. அதனால் எட்டுப் பத்து நாள் இடைவெளியில் மூன்று தரம் ஆய்ந்தேன்.

ஆய்வதற்கு இங்கே பல்லு வைத்த ஒரு சீப்புப் பெட்டி இருக்கிறது. காட்டில் நீலப்பழம் வாருகிற அதே சாமான். ஓமாவுடையதை இரவல் வாங்கினேன். வேகம்தான், ஆனால் காம்பு நீள நீளமாக வரும், திரும்ப இருந்து வெட்ட வேண்டும். வீட்டில் இருந்த அகலப் பல்லுத் தலைச்சீப்பையும் ஒரு தரம் பரீட்சித்தேன், அதைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நல்லது. கடைசியில் அம்மாவின் விரல்தான் வென்றது. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பூவைக் கொடுத்து, பெருவிரலால் தட்டுவா. காம்பு ஒரு சென்ரிமீற்றர்கூட வராது. இந்த வருடம் பத்தரைக்குத்தான் வந்தா. தொப்பியும் போட்டுக்கொண்டு, "கோயில் பூ இல்லையெண்டபடியால்" என்று ஒரு குத்தலும்.

மூன்று தரத்திலும் சேர்த்துப் பச்சையாக 690 கிராம். கிட்டத்தட்ட ஆறாயிரம் பூ இருக்கும், ஒரு பிடியை எண்ணி நிறுத்துக் கணக்குப் போட்டேன்.

உலர்த்துவதற்குப் பழைய ஜன்னல் நுளம்பு வலைச் சட்டம் இரண்டு எடுத்தேன். நாலு மூலைக்கும் செங்கல் வைத்து உயர்த்தி, கீழாலும் காற்றுப் போகிற மாதிரி, எங்கள் கட்டிடத்தின் கூரைக்குக் கீழுள்ள பொது அறையில் வைத்தேன். ஜூலையில் அங்கே 33, 35 பாகை இருக்கும். வெளிச்சம் குறைவு. பூவை ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காகப் பரப்பினேன், இடையில் கிளறவே இல்லை, கிளறினால் இதழ் கொட்டும். 40 பாகைக்கு மேல் சூடு போகக் கூடாது, போனால் வாசத்துக்குக் காரணமான எண்ணெய் பறந்துவிடும். இரண்டாம் தரம் ஆய்ந்தபோது நான்கு நாள் விடாத மழை. கூரை அறையும் குளிர்ந்துவிட்டது. அந்தத் தொகுதியை மின்போறணையில் ஆகக் குறைந்த சூட்டில், கதவுக்குள் மரக்கரண்டி ஒன்றைச் செருகித் திறந்து வைத்து, வெப்பமானியோடு காவல் இருந்து உலர்த்தினேன். முடிந்தது, ஆனால் கூரை அறையில் காய்ந்ததன் வாசம் அதற்கு இல்லை.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க இதழைத் தொட்டுப் பிரயோசனமில்லை. இதழ் இரண்டாம் நாளே மொறுமொறுக்கும், ஈரம் நிற்பது நடுக் குமிழில். குமிழை நசித்தால் சத்தத்தோடு நொருங்க வேண்டும். எனக்கு ஆறு நாள் எடுத்தது. சந்தேகத்துக்கு இரண்டு நாள் தொடர்ந்து தராசில் வைத்துப் பார்த்தேன், நிறை மாறவில்லை. 690 கிராம் 126 ஆக வந்து நின்றது. கபிலக் கண்ணாடிப் போத்தலில் அடைத்துத் திகதி ஒட்டினேன்.

126 கிராம் என்றால் கோப்பைக்கு மூன்று கிராம் வீதம் 42 கோப்பை. சுப்பர்மார்க்கெட்டில் இருபத்தைந்து பை கொண்ட பெட்டி ஒரு யூரோவுக்குக் கிட்ட. இந்தக் கணக்கைக் கணவரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

அப்புறம் ஊற்றுகிற முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் மூன்று கோப்பை வைத்துப் பார்த்தோம். முதலாவது கடைப் பை, மூடாமல் ஐந்து நிமிடம். இரண்டாவது என் பூ மூன்று கிராம், 150 மில்லிலீற்றர் கொதிதண்ணி, தட்டால் மூடி எட்டு நிமிடம். மூன்றாவது அதே பூவை, நாங்கள் கொத்தமல்லி அவிக்கிற மாதிரிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டது. மூன்றாவது கசப்பு, வாசம் முழுக்கக் குசினிக்குள் நின்றது, கோப்பைக்குள் இல்லை. முதலாவது, எனக்கு முப்பது வருடம் பழக்கமான அதே தண்ணி. இரண்டாவதுதான் ஓமாவின் கோப்பை. மூடியின் உள்பக்கம் திரண்டிருக்கும் துளிகளைத் திரும்பக் கோப்பைக்குள் தட்டிவிட வேண்டும். பறக்கிற எண்ணெய் ஏறி நிற்பது அங்கேதான். கடைப் பையைக் கிழித்து நிறுத்தேன்: ஒன்றரைக் கிராம், மாவு போல அரைத்தது. முதியோர் இல்லத்தில் நான் பத்துப் பையை ஒரு கேனில் போட்டு இரண்டு மணித்தியாலம் திறந்து வைத்ததை நினைத்துக்கொண்டேன்.

அந்த எண்ணெய் பற்றி ஒரு சின்ன விசித்திரம். கமிலத் தேத்தண்ணி மஞ்சள், ஆனால் மருந்துக்கடையில் விற்கும் கமில எண்ணெய் பேனா மை போலக் கடும் நீலம். பூவில் அந்த நீலம் கிடையாது. மற்றிசின் என்ற நிறமற்ற பொருள் நீராவியில் வடிக்கும்போது உடைந்து, கமசூலீன் என்ற நீலப் பொருளாக மாறுகிறது. ஐரோப்பிய மருந்துத்தர நூலின்படி ஒரு கிலோ காய்ந்த பூவில் குறைந்தது 4 மில்லிலீற்றர் நீல எண்ணெய் இருக்க வேண்டும். என்னுடைய 126 கிராமில் அரை மில்லிலீற்றர் தேறியிருக்கலாம். வடித்துப் பார்க்க மகனுக்கு ஆசை, நான் போத்தலைத் தொடவிடவில்லை.

இனி, எல்லோரும் கேட்பது: நித்திரை வருமா?

மூன்று கிழமை ஒவ்வொரு இரவும் படுக்கைக்கு முதல் ஒரு கோப்பை குடித்து நாட்குறிப்பில் எழுதினேன். உள்ளதைச் சொன்னால், நித்திரை வருகிற நேரத்தில் எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. தெரிந்தது வேறொன்று. மாலை வேலை முடிந்து ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது வயிறு இழுத்துப் பிடிக்கும், பொருமும். அந்த மூன்று கிழமையில் இரண்டு நாள்தான் அப்படி எழுதியிருக்கிறேன். வயிறு அடங்கினால் ஆளும் அடங்கும் என்பது என் கணக்கு. ஓமாவும் கமிலயை ஒருநாளும் நித்திரைக்கென்று தந்ததில்லை. நித்திரைக்கு அவவிடம் வேறு போத்தல்கள்: மெலிசை இலை, வலேரியன் வேர். ஐரோப்பிய மருந்துகள் முகமை கமிலப் பூவுக்கு ஏற்றுக்கொண்ட பாரம்பரியப் பயன்பாடுகளில் வயிற்றுப் பொருமல், வயிற்றின் சின்ன இழுத்துப்பிடிப்பு, தடிமனுக்கு ஆவி, வாய் தொண்டைப் புண், தோல் எரிவு எல்லாம் உண்டு, நித்திரை இல்லை. மறுபக்கம், அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதற்ற நோயுள்ள 57 பேரை வைத்து நடந்து 2009 இல் வெளியான ஆய்வில், கமிலச் சாறு அடைத்த குளிசை எடுத்தவர்களுக்குப் பதற்றம் ஓரளவு குறைந்தது. அது எட்டுக் கிழமை, அளவு கட்டிய குளிசை. என் கோப்பையோடு அதை ஒப்பிட முடியாது.

அம்மாவுக்கு இரவுக் கோப்பை வேறு விதத்தில் கோளாறு செய்தது. குடித்த நாட்களில் இரண்டு மணிக்கு எழும்பி இருட்டில் கழிப்பறைக்குப் போகத் தொடங்கினா. விழுந்து எழும்பினால் கமில உதவாது. அவவின் கோப்பையை மாலை ஆறு மணிக்கு மாற்றினேன், பிரச்சினை போய்விட்டது.

அதற்கு முன்னமே மருந்துக்கடையில் ஒரு விடயம் கேட்டிருந்தேன், ஏனென்றால் அம்மா இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுக்கிறா. கேட்டது நல்லதாகப் போயிற்று. வார்ஃபறின் எடுத்துக்கொண்டிருந்த எழுபது வயதுப் பெண்ணொருவர் நாளுக்கு நாலைந்து கோப்பை கமிலயும் குடித்து, கமிலப் பூச்சும் பூசி, உள் இரத்தக்கசிவோடு ஆஸ்பத்திரிக்கு வந்த சம்பவம் 2006 இல் கனடிய மருத்துவச் சஞ்சிகையில் பதிவாகியிருக்கிறது. வைத்தியருக்குச் சொல்லிவிட்டு, அம்மாவுக்கு எப்போதாவது ஒரு மெல்லிய கோப்பை, அவ்வளவோடு நிறுத்தினோம். சூரியகாந்திக் குடும்பத்துச் செடி என்பதால் மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஓமா பழைய வழக்கப்படி கண் சிவந்தால் கமிலத் தண்ணியால் கழுவுவா. அதை மட்டும் நான் பின்பற்றவில்லை. எவ்வளவு வடித்தாலும் பூத்தூள் மிதக்கும், கண்ணுக்குள் அது வேண்டாம்.

குடிப்பதை விட எங்கள் வீட்டில் நிலைத்தது ஆவி பிடிப்பதுதான். நவம்பரில் எனக்குத் தடிமன் பிடித்து மூக்கு அடைத்தபோது, ஒரு லீற்றர் கொதிதண்ணியில் ஒரு பிடி பூவைப் போட்டேன். அம்மா ஒரு பார்வையிலேயே விளங்கிக்கொண்டா. "வேது பிடிக்கிற சாமானெண்டு முதலே சொல்லாமல், தேத்தண்ணி தேத்தண்ணி எண்டு நிண்டாய்." ஊரில் நொச்சியும் வேப்பிலையும் போட்டு எங்களைப் போர்வைக்குள் அடைத்தவ. துவாயை எடுத்து என் தலையை மூடி, பத்து நிமிடம் எழும்ப விடவில்லை. ஒரே ஒரு மாற்றம் நான் செய்தேன்: சட்டியை மேசையில் வைக்காமல் கழுவும் தொட்டிக்குள் வைத்தேன், தட்டுப்பட்டாலும் மடியில் கவிழாது. சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் செய்வதில்லை.

வாய்ப்புண்ணுக்கு ஆறின தண்ணியால் கொப்பளித்தது எரிவைக் குறைத்தது. காய்ந்த பூ பத்துக் கிராமை நூறு மில்லிலீற்றர் எண்ணெயில் மூன்று கிழமை வைத்து வடித்தது இந்த முறை கெடவில்லை. குளிர்காலத்தில் அம்மாவின் முழங்கை வெடிப்புக்குப் போகிறது. பொன்னிற முடிக்குக் கமிலத் தண்ணி பளபளப்புத் தரும் என்று ஓமா சொன்னா. எங்கள் வீட்டுத் தலைகளில் அதற்கு வேலை இல்லை.

பெப்ரவரியில் போத்தலில் இருபது கிராம் மிச்சம். நாலாம் வருடத்துக்கு விதை வாங்கவில்லை, வாங்கவும் தேவையில்லை: முற்றல் பூவெல்லாம் கொட்டி, போன ஒக்டோபரிலேயே நடைபாதைக் கல்லிடுக்கெல்லாம் கமிலக் கன்றாக நின்றது. பாதையிலுள்ள களையை மாத முடிவுக்குள் அகற்றும்படி தோட்டச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஓமாவிடம் காட்டினேன். அவ வீட்டுக்குள் போய் ஒரு பழைய தேக்கரண்டி கொண்டு வந்து தந்தா. குந்தியிருந்து பதினொரு கன்றை வேரோடு கிண்டிப் பாத்திக்கு மாற்றினேன். மிச்சத்தைப் பிடுங்கிவிட்டேன், வேலியோரம் ஓமாவின் பக்கம் நின்ற மூன்றைத் தவிர.